மேகம் துடைத்தவரின் பெல்ட்

நைனா,

நீ பாண்டி பஜாரில் ஷூ வாங்கிக்கொண்டிருக்கிறாய். நான் கடையில் உட்கார்ந்து, ஜாக்கெட் அளவு வெட்டும் பழுப்புத் தாளில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்து ஷட்டரைப் பாதி இறக்கியாகிவிட்டது. மாம்பலம் ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் சத்தம் வந்து வந்து கரைகிறது. மின்விசிறி துணித்துண்டுகளை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மெதுவாக நகர்த்துகிறது. பக்கத்து மெஷின்காரி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். எனக்கும் கண் சொருகுகிறது. மனதில் இருப்பது எனக்கு இப்படிப் பாதித் தூக்கத்தில்தான் வெளியே வரும். நன்றாக விழித்திருந்தால் உன்னைத் திட்டத்தான் தோன்றும். அம்மா எழுதுகிறாளா என்று சிரிக்காதே. பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குத் தமிழ் மிஸ்ஸிடம் பேர் வாங்கியவள் நான். அதற்கப்புறம் எழுதியதெல்லாம் கழுத்தளவும் கையளவும்தான்.

நாளை சாயங்காலம் நீ ஐதராபாத்துக்கு ரயில் ஏறுகிறாய். அங்கே கண்ணாடிக் கட்டடங்களில் கயிற்றில் இறங்கிச் சுத்தம் செய்யும் வேலை. அப்பா பார்த்த அதே வேலை. பையைத் திறந்தால் அதில் ஒரு சாமான் குறையும். மேலே ஏறும்போது அப்பா போட்டுக்கொண்ட பாதுகாப்பு பெல்ட் இருக்காது. நீ அதைப் பூஜை அலமாரியிலிருந்து எடுத்து, கண்ணில் ஒற்றி, உன் சட்டைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்ததை நான் அடுப்பங்கரையிலிருந்து பார்த்தேன். "கம்பெனில புதுசு குட்த்தாலும் நான் அப்பா பெல்ட்டுதாம்மா போட்டுப்பேன், அது ராசியான பெல்ட்டு" என்று சொன்னாய். கட்டிலில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டிக்கொண்டிருந்த உன் அப்பா அப்போது சிரித்தார் பார், அந்த மாதிரி அவர் சிரித்து எனக்கு நினைவே இல்லை. பிள்ளைக்குக் கொடுக்கத் தன்னிடமும் ஒன்று இருக்கிறது என்கிற சிரிப்பு அது. அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசே இல்லை. ஆனால் கெடுத்துவிட்டேன். ஏன் என்று கேள்.

உனக்கு நாலு வயது இருக்கும்போது, பள்ளியில் மிஸ் எல்லாப் பிள்ளைகளையும் எழுப்பி அப்பா என்ன வேலை என்று கேட்டாராம். நீ எழுந்து "எங்கப்பா மேகம் துடைக்கிறாரு" என்றாயாம். வகுப்பே சிரித்திருக்கிறது. நீ சொன்னதில் தப்பில்லை. கிண்டியில் அந்தப் பெரிய கண்ணாடிக் கட்டடத்தை அவர் துடைத்துக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே மேலே பார்த்ததையெல்லாம் சொல்வார். கண்ணாடியில் வானம் தெரியுமாம். மேகம் முதுகுக்குப் பின்னால் போகிறதா முகத்துக்கு முன்னால் போகிறதா என்றே தெரியாதாம். சோப்புத் தண்ணீரை ஒரு வீசு வீசி ரப்பர் கட்டையால் இழுத்தால், மேகத்தின் அழுக்கு போய் மேகம் இன்னும் வெளுப்பாக வருமாம். கீழே ரேஸ் கோர்ஸில் குதிரைகள் ஓடும், சத்தமே வராது. காடு பச்சைப் போர்வையை உதறிப் போட்டமாதிரி கிடக்கும். சத்தமில்லாத ஊரில் நான் மட்டும் இருக்கிறேன் என்பார். நீ வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பாய். நானும்தான். அந்தப் பேச்சில்தான் நீ இந்த வேலைக்கு வந்தாய். ஐ.டி.ஐ. படித்தாய், ஏ.சி. மெக்கானிக் வேலை கிடைத்தது, ஆனால் உன் கண் எப்போதும் மேலேயே இருந்தது. உன்னைத் தடுக்கவில்லை நான், இப்போதும் தடுக்கவில்லை. போ. நீயும் மேகத்தைப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்.

அப்பா விழுந்த கதையை நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். கயிற்றில் தொங்கும் இரும்புத் தொட்டி ஒரு பக்கம் சாய்ந்தது, அப்பா வழுக்கிக் கீழே போனார், பெல்ட் பிடித்துக்கொண்டது, கபாலி சாமி காப்பாற்றினார். இவ்வளவுதான் உனக்குச் சொன்னது. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு துண்டை வெட்டிவிட்டுத்தான் உனக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறோம். இன்றைக்கு அந்தத் துண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

உன் போனில் ரொம்ப நாள் முகப்புப் படமாக வைத்திருந்தாயே, அப்பா தொட்டியில் நின்று கட்டை விரலை உயர்த்திச் சிரிக்கும் படம், அது என்றைக்கு எடுத்தது தெரியுமா? விழுந்த அன்றைக்கு. விழுவதற்குக் கொஞ்சம் முன்னால். அந்த நாட்களில் எல்லோரும் பெல்ட் போட்டுக்கொண்டுதான் மேலே போவார்கள். தோளிலும் இடுப்பிலும் தொடையிலும் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள், பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் பெல்ட்டிலிருந்து வரும் பட்டையின் நுனியில் ஒரு கொக்கி இருக்கிறதே, அதை எங்கேயும் மாட்ட மாட்டார்கள். மாட்டினால் நகர்ந்து நகர்ந்து துடைக்க முடியாது, வேலை இழுக்கும், சூப்பர்வைசர் கத்துவார். அதனால் கொக்கி பாட்டுக்கு இடுப்பில் ஆடிக்கொண்டிருக்கும். சிலபேர் போனால் போகிறதென்று தொட்டிக் கம்பியிலேயே மாட்டிக்கொள்வார்கள். தொட்டி போனால் அதோடு சேர்ந்து போகவேண்டியதுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதே சூப்பர்வைசருக்கு எப்போதாவது மேலிடத்துக்குப் படம் அனுப்ப வேண்டியிருக்கும். அப்போது மட்டும் மொட்டை மாடியிலிருந்து தலையை நீட்டிக் கூப்பிடுவார். எல்லோரும் சட்டென்று கொக்கியை எடுத்து, தொட்டிக்குச் சம்பந்தமில்லாமல் தனியாக மாடியிலிருந்து தொங்கும் கயிற்றில் மாட்டுவார்கள். படம் எடுத்ததும் கழற்றிவிடுவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த பேரே போட்டோ கொக்கி.

அன்றைக்கும் அப்படித்தான். "ஏய், எல்லாம் மாட்டுங்கப்பா, படம் எட்க்கணும். தலைக்கு மேல மாட்டு, கொக்கி தெரியணும்" என்று சூப்பர்வைசர் கூப்பிட்டிருக்கிறார். உன் அப்பா மாட்டினார். சிரித்தார். கட்டை விரலைக் காட்டினார். பாபு மாமா தெரியுமல்லவா, அப்பாவோடு ஜோடியாக அந்தத் தொட்டியில் நின்றவர், அவர் கம்பியில் சாய்ந்துகொண்டு மீசையைத் தடவினாராம். படம் எடுத்தாயிற்று. கழற்றலாம் என்று அப்பா கையைத் தூக்கும்போது ஒரு பக்கத்து இரும்புக் கயிறு நழுவித் தொட்டி சாய்ந்தது. பாபு மாமா கம்பியை அணைத்துக்கொண்டுவிட்டார். அப்பா போய்விட்டார். போனவரை அந்தக் கொக்கி பிடித்துக்கொண்டது. கழற்றுவதற்குக் கை எட்டியிருந்தால் உனக்கு அப்பா இல்லை, நைனா. எனக்கு அவர் இல்லை.

நாம் இதற்கு ராசி என்று பேர் வைத்துவிட்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பெல்ட்டைக் கழுவி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து அலமாரியில் சாமி படத்துக்குக் கீழே வைத்தோம். ஆயுத பூஜைக்கு என் கத்தரிக்கோலுக்கும் அதற்கும் ஒரே மாலை. தப்பென்று சொல்லவில்லை. உயிரைக் கொடுத்த சாமானைக் கும்பிடாமல் எதைக் கும்பிடுவது? ஆனால் ராசி என்று சொல்லிச் சொல்லி, கொக்கி மாட்டியிருந்தது என்பதையே மறந்துவிட்டோம். அப்பாவுக்கும் அது வசதியாக இருந்தது. படத்துக்காக மாட்டினேன் என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று கூசினார். நானும் சொல்லவில்லை. கதை கேட்கும்போது உன் முகம் அவ்வளவு அழகாக இருக்கும்.

இனி என் பங்கு. பெல்ட்டிலிருந்து கொக்கிக்குப் போகும் பட்டையின் நடுவில் கைமுஷ்டி அளவுக்கு ஒரு பொட்டலம் இருக்கும். அப்பாவின் பெல்ட்டில் நான் சிவப்புப் பட்டுத் துணியில் உறை போட்டு வைத்திருந்தேனே, அது. விழுந்தபோது அந்தப் பொட்டலம் வாய் பிளந்து, உள்ளே மடித்துத் தைத்திருந்த பட்டை முழுக்கத் தையல் விட்டு நீளமாகத் தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! என்ன தையல் இது, ஓர் ஆள் கனம் தாங்காமல் பிரிந்து போகிறது, கூலிக்கு மாரடித்திருக்கிறான் என்று அந்த முகம் தெரியாத தையல்காரனைத் திட்டித் தீர்த்தேன். அப்பா படுத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டையைப் பழையபடி மடித்து, தோல் பை தைக்கும் நூலை வாங்கி வந்து, கோணி ஊசியால் ஒவ்வொரு வரிசையாகக் கையாலேயே தைத்தேன். விரலில் ரத்தம் வந்தது. யானை இழுத்தாலும் இது பிரியாது என்று சொல்லி அவர் மடியில் போட்டேன். அவர் அதைத் தடவிக்கொண்டே தூங்கிப்போனார். என் ஆயுசில் போட்ட தையலிலேயே அதுதான் நல்ல தையல் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எனக்கு ஒரு கனவு வரும், உன்னிடம் சொன்னதில்லை. அப்பா மேலேயிருந்து விழுந்துகொண்டே இருப்பார், கையிலிருந்து நழுவின நூல்துண்டுபோல, ஆடி ஆடி, தரைக்கு வரவே மாட்டார். நான் கீழே ஊசியை வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பேன். அந்தத் தையலைப் போட்ட பிறகு கனவு வருவது குறைந்தது.

நேற்று நீ வெளியே போனதும் பெல்ட்டை எடுத்து அளந்து பார்த்தேன். நீ அப்பாவைவிடப் பெரிய ஆள். தொடைப் பட்டை உனக்குப் பத்தாது. என் மெஷினில் அந்தப் பட்டை ஏறாது, ஊசி ஒடிந்துவிடும். ரெஜினா ஞாபகம் வந்தது. நீ குழந்தையாக இந்தக் கடையில் துணித்துண்டுக்குள் தூங்கும்போது பக்கத்து மெஷினில் இருந்தாளே, உன் கன்னத்தைக் கிள்ளி அழவைப்பாளே, அவள்தான். இப்போது ஈக்காட்டுத்தாங்கலில் பெல்ட் தைக்கிற பட்டறையில் இருக்கிறாள். உனக்குத் தெரியாமல் நீட்டி வைத்துவிட்டால் நாளைக்குப் போட்டுப் பார்க்கும்போது ஆச்சரியப்படுவாய் என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"இன்னாடி இது, குங்குமம்லாம் வச்சிக்கினு கீது?" என்று சிரித்தாள்.

"எங்க வூட்டுக்காரர காப்பாத்துன பெல்ட்டுடி. புள்ளைக்குத் தொடப் பட்டய கொஞ்சம் நீட்டிக் குடு."

"வுழுந்தப்போ போட்டுனு இருந்தாரே, அதே பெல்ட்டா?"

"அதேதான். கப்புனு புடிச்சிக்கிச்சே."

அவள் சிரிப்பு நின்றது. சிவப்பு உறையைக் கழற்றிப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் தையல் மேல் விரலை ஓட்டினாள். "இது யார் போட்டது?" என்றாள். நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "சோக்காதான் கீது" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துப் பட்டறையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே உயரமாக ஓர் இரும்புச் சட்டம் நிற்கிறது. அதில் ஆள் கனத்துக்கு ஒரு மணல் மூட்டை, அதற்கும் பெல்ட் மாட்டியிருக்கிறார்கள். அந்த மூட்டைக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் மாப்ளே. தைத்த பெல்ட்டுகளில் ஒன்றை எடுத்து மாப்ளேவுக்குப் போட்டுத் தள்ளிவிட்டுப் பார்ப்பார்களாம். "நல்லா பார்த்துக்கினே இரு" என்றாள். மூட்டையை மேலே இழுத்து விட்டார்கள். நைனா, அப்பா வேலை பார்த்த பதினாலாம் மாடியை நான் பார்த்தவள் இல்லை. அன்றைக்கு அப்பா விழுந்ததையும் பார்க்கவில்லை. நேற்றுதான் பார்த்தேன். மூட்டை சும்மா போயிற்று, ஒரு கல் போகிறமாதிரி. பட்டை இறுகினதும் பொட்டலம் வாயைத் திறந்தது. உள்ளே இருந்த தையல் வரிசை வரிசையாக, சரசரவென்று கிழிந்துகொண்டே வந்தது. கிழியக் கிழிய மூட்டையின் வேகம் அடங்கியது. கடைசி வரிசைக்கு வரும்போது மாப்ளே லேசாக ஆடிக்கொண்டு நின்றார், தூளியில் பிள்ளை ஆடுகிறமாதிரி. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"இது கிழியறதுக்குன்னே போடற தையலுடி" என்றாள் ரெஜினா. "கிழிஞ்சி கிழிஞ்சி அடிய அது வாங்கிக்கும். கிழியாத மாதிரி இறுக்கிப் போட்டா, அந்த அடி மொத்தமும் போட்டுனு இருக்கற ஆளுக்குத்தான். முதுகு தாங்குமா, இடுப்பு தாங்குமா? கொக்கி தாங்குமா?"

பிறகு அவள் அந்தப் புத்தம் புதுப் பெல்ட்டை மாப்ளேவிடமிருந்து கழற்றி, கத்தரியை எடுத்து நாலு இடத்தில் வெட்டிக் குப்பையில் போட்டாள். எனக்குப் பதறியது. புதுசுதானே, ஏன் வெட்டுகிறாய் என்றேன். "ஒருக்கா வுழுந்தவன தாங்கிட்டா அத்தோட அதுக்கு வேல முடிஞ்சிச்சி. பட்டைக்குள்ள எங்க எங்க அறுந்துகீதுன்னு கண்ணுக்குத் தெரியாது. முழுசா போட்டா எவனாவது எட்த்துனு போய் மாட்டிப்பான். அதுக்குத்தான் வெட்றது" என்றாள். சொல்லிவிட்டு என் பையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது சிவப்பு உறையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தேன்.

முகம் தெரியாத தையல்காரனைத் திட்டினேன் என்று சொன்னேனே. அவன் எவனோ, எவளோ, என்னைவிடப் பெரிய கைகாரி. எவ்வளவு அடிக்கு எத்தனை வரிசை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யோசித்துத் தைத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பிரியாத தையல். பிரியாமல் இருப்பதுதான் பாசம் என்றே இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். உன் அப்பா அந்தத் தையலோடு இன்னொரு தடவை மேலே போனார். உடம்பு தேறினதும் ஒரு நாள் போனார், மதியமே நடுங்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். அதற்கப்புறம் போகவே இல்லை. நான் கேலி செய்தேன். ஊருக்கெல்லாம் மேகம் துடைத்த மகராசன் வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டுகிறார் என்று சிரித்தேன். அன்றைக்கு அவருக்கு வந்த பயத்தை இன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

நேற்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மடியில் பச்சை ஜாக்கெட் ஒன்று கிடந்தது. கேட்டுக்கொண்டே இரண்டு கொக்கி கட்டினார். அப்புறம், "அது சாமி மாதிரிமே" என்றார். "சாமிய வெட்டுவியா?"

"சாமின்னா அலமாரிலயே இருக்கட்டும்யா. புள்ள முதுகுல ஏத்தாத" என்றேன்.

"வேற இன்னா கீது என்னாண்ட, அவனுக்குக் குடுக்க?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அழுததை உன்னிடம் ஒளிக்கப் போவதில்லை. நீ எங்களுக்கு ஒரே பிள்ளை.

நான் அண்ணாந்து பார்த்தேன். அறை நடுவில் உன் தூளி தொங்கிய இரும்புக் கொக்கி இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போது அதில் உன் பயணப் பையை மாட்டியிருக்கிறாய், எலி கடிக்காமல். உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்த அன்றைக்கு இவர் என்ன செய்தார் தெரியுமா? நான் புடவையைக் கட்டித் தூளி தயார் செய்துவிட்டேன். உன்னைப் போடப் போனபோது, இரு என்று சொல்லிவிட்டு, அந்தக் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கிக்கொண்டு, தன் உடம்பு முழுவதையும் தொங்கவிட்டார். சுண்ணாம்பு உதிர்ந்தது. கொக்கி அசையவில்லை. அப்படியும் திருப்தியில்லாமல் ஆடிப் பார்த்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள், இது என்ன குரங்கு வித்தை என்று. இவர் இறங்கி, கையைத் தட்டிவிட்டு, இப்போ போடு என்றார். அப்புறமும் தூளி துவைத்துக் கட்டும்போதெல்லாம் ஒரு தடவை தொங்கிப் பார்க்காமல் உன்னைப் போட விட்டதில்லை. அதே மனுஷன் காலையில் எழுந்து, இடுப்பில் கொக்கியை ஆடவிட்டுக்கொண்டு பதினாலாம் மாடிக்குப் போவார். உன் உயிர் என்றால் தொங்கிப் பார்ப்பார், தன் உயிர் என்றால் படம் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். அவரை நான் வேறு எதற்கும் கோபித்ததில்லை, இதற்குக் கோபிக்கிறேன்.

"இத குடு அவனுக்கு" என்றேன், கொக்கியைக் காட்டி. "நீ தொங்கிப் பார்த்தியே, அத குடு."

அவர் ரொம்ப நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்ததிலிருந்து அண்ணாந்து பார்க்காத மனுஷன். கோபுரத்தைக்கூடக் கீழே நின்று தரையைப் பார்த்தே கும்பிடுவார், நீயே கேலி செய்திருக்கிறாய். நேற்று பார்த்தார். பிறகு ஜாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"கத்திரி எடுத்தாமே. நான் இஸ்த்துப் புடிச்சிக்கிறேன், நீ வெட்டு" என்றார்.

என் பெரிய கத்தரியில் அந்தப் பட்டை லேசில் வெட்டுப்படவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தேன். தோள் பட்டை, இடுப்புப் பட்டை, தொடைப் பட்டை. ஒவ்வொன்று அறும்போதும் அவர் கை பின்னால் போய் மறுபடி முன்னால் வந்தது. கடைசியில் என் தையல் இருந்த பொட்டலம் மிச்சம். அதை அவரே வாங்கிக்கொண்டார். வெட்டவேண்டாம், இது என்னிடம் இருக்கட்டும் என்றார். இனி யாரும் போட முடியாது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சிவப்பு உறையோடு அலமாரியில் வைத்திருக்கிறார். ஆயுத பூஜைக்கு வரும்போது நீயும் பொட்டு வை.

ஐதராபாத்தில் புது பெல்ட் கொடுத்தால் வாங்கிக்கொள், தையலைப் பார்த்து வாங்கிக்கொள், தையல்காரி பிள்ளை நீ. பிசிறு விட்டிருந்தால், வெயிலில் வெளுத்துக் காய்ந்திருந்தால், வேறொன்று கேள், கூச்சப்படாதே. ஒரு தடவை யாரையாவது தாங்கியதென்றால் அது எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் வேண்டாம் என்று சொல். கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டு, காலடியில் மாட்டாதே. தொட்டியில் மாட்டாதே, தனிக் கயிற்றில் மாட்டு. இரண்டு கொக்கி உள்ள பெல்ட்டாகக் கேள், நகர வேண்டுமென்றால் இரண்டாவது கொக்கியை மாட்டிவிட்டு முதல் கொக்கியைக் கழற்று. இன்னொன்று, இது பாபு மாமா சொன்னது. அப்பா தொங்கியபோது மொட்டை மாடியில் இத்தனை பேர் இருந்தும் அவரை எப்படி எடுப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்களாம். தொடைப் பட்டை இறுக்கிக் கால் மரத்து, அவருக்குக் கண் இருட்டத் தொடங்கியது. அவர் தொங்கிய இடத்து மாடிக்குள்ளிருந்து யாரோ ஒரு கண்ணாடியைக் கழற்றி உள்ளே இழுத்துக்கொண்டதால் பிழைத்தார். ஆகவே மேலே ஏறும் முன்னால் கேள், நான் தொங்கினால் என்னை யார் எடுப்பீர்கள், எப்படி எடுப்பீர்கள் என்று கேள். பதில் சொல்லாவிட்டால் இறங்கி நில். பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உன் அப்பாவைப் பார்த்து நானே சிரித்தேன், அவர் உயிரோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்று விடியற்காலை கண் அசந்தபோது அந்தக் கனவு மறுபடி வந்தது. யாரோ விழுந்துகொண்டிருந்தார்கள், அப்பாவா நீயா என்று தெரியவில்லை. நான் ஊசியோடு ஓடவில்லை இந்தத் தடவை. சும்மா நின்றேன். மேலே எங்கேயோ சரசரவென்று தையல் பிரிகிற சத்தம் கேட்டது, மழை வருகிறமாதிரி. விழுந்துகொண்டிருந்த ஆள் மெதுவாகி, மெதுவாகி, என் தலைக்கு மேலே வந்து நின்று ஆடினார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் பால்காரர் மணி அடித்து எழுப்பிவிட்டார்.

ஷட்டரைத் தூக்குகிறார்கள். ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் காத்திருக்கிறது. இதை மடித்து உன் பையில், பெல்ட் இருந்த இடத்தில் வைத்துவிடுவேன். உன்னை வழியனுப்ப அப்பா ஸ்டேஷனுக்கு வருவார், ஒன்றும் பேசமாட்டார், தெரியும்தானே அவரை. ஆனால் இன்று காலை நான் கடைக்குக் கிளம்பும்போது, அவனுக்கு ஏதாவது எழுதப் போகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். படத்துக்காக மாட்டியதைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். சரியென்று தலையை ஆட்டினார். படிக்கட்டில் பாதி இறங்கிவிட்டேன், மேலேயிருந்து கூப்பிட்டார். நிமிர்ந்தால், அவரே கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி நிற்கிறார்.

"போட்டோ எடுக்காத அன்னிக்கி மாட்டச் சொல்லு" என்றார்.

அம்மா